ஓட்டையில்லாத பெட்டி

ஜூன் 3

அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைக் கிழிக்காமல் வைத்துவிடாதே. சண்டை போட எழுதவில்லை. போனில் பேசலாம் என்று இரண்டு தடவை உன் எண்ணை எடுத்தேன். பேசினால் பாதியில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுவோம், அது உனக்கும் தெரியும். காகிதத்தில் என்றால் நான் முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் உனக்குக் கோபம் வரும்.

அவர் போன செய்தி சித்தி சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். நீ போனில் அனுப்பிய இரண்டு வரியும் வந்தது. ஆபீசில் கூட வேலை பார்த்த யாருக்கோ அனுப்புகிற மாதிரி இருந்தது. பரவாயில்லை, அனுப்பினாயே. ஆனால் சித்தி எதைச் சொன்னாள், எதை விட்டாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் நானே சொல்கிறேன்.

அவர் சரக்கு யார்டில் கண்டெய்னர் பார்க்கிறவர் என்பது ஞாபகம் இருக்கிறதா? சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ஒருத்தர் உள்ளே போய் நிற்பார், கூட்டாளி வெளியிலிருந்து கதவைச் சாத்துவார். உள்ளே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போடுவார். ஒன்றும் தெரியாவிட்டால் "இருட்டு" என்று உள்ளேயிருந்து கத்துவார், கூட்டாளி திறந்துவிடுவார். இருட்டாக இருந்தால்தான் நல்ல பெட்டி. யார்டில் அவருக்குப் பேரே 'இருட்டு'தான். டீக்கடையில் "இருட்டு வந்தாச்சா?" என்று கேட்பார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் நானே அப்படிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரலில் தொடர்ந்து லீவு வந்த வாரம். லீவுக்கு முந்தின நாள் வேலைக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை. லீவு முடிந்து யார்டைத் திறந்தபோது அடுக்கி வைத்திருந்த கண்டெய்னர் ஒன்றிலிருந்து நாற்றம் வந்திருக்கிறது. மற்றதை நான் விவரிக்க வேண்டாம். நீ தினமும் பார்க்கிற வேலை அதுதான்.

கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? அன்றைக்கு மத்தியானம் சோதனை வேலையே இல்லையாம். குடித்துவிட்டு, நிழலுக்காகப் பெட்டிக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாராம். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ சாத்திவிட்டார்களாம். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. ஏனென்றால் அரசாங்க ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்துவிட்டது: ரத்தத்தில் மது இருந்தது. கீழே ஒரு கையெழுத்து. நீயும் உன் ஆய்வகத்தில் இப்படித்தானே போடுவாய்?

அக்கா, அவர் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. உனக்குத் தெரியாது, நீ விசாரிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் என் மகளிடம், "உங்கப்பா குடிச்சிட்டு செத்தாராமே?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பையைக் கழற்றாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

குடிக்காதவர் ரத்தத்தில் மது வருமா? வரும், வராது என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

உன் தங்கை


ஜூன் 11

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழித்துத்தான் படித்தேன்.

வரும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு என்னால் நிறுத்த முடியாது.

இறந்த பிறகும் உடம்பு சும்மா இருப்பதில்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஆள் போனது தெரியாது. அவை ரத்தக்குழாய்க்குள் புகுந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்னும். மூடி வைத்த பழச்சாறு புளிப்பது போல அந்தச் சர்க்கரை மதுவாக மாறும். வெயிலில் நிற்கிற இரும்புப் பெட்டி என்றால் எல்லாமே வேகமாக நடக்கும். எங்கள் கருவிக்கு இந்த மதுவும் கடையில் வாங்கிய மதுவும் ஒன்றுதான். பிரித்துச் சொல்வது கருவியின் வேலை இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வேலை.

ஆனால் வரும் என்பதால் இங்கே வந்தது அப்படித்தான் என்று ஆகிவிடாது. அவர் குடித்தும் இருக்கலாம். இதை மறைத்து எழுத எனக்கு வராது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டில். நிற்க முடியாமல் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்து, அதையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். அம்மாவின் கையிலிருந்து ஊசி பிய்ந்து வந்தது. நான் அவரை எல்லோர் முன்னாலும் வெளியே தள்ளினேன், நீ அவர் பின்னாலேயே போனாய். என் மனதில் இன்றைக்கும் இருப்பது அந்த ஆள்தான். ஆறு வருஷம் என்கிறாய். நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுத எனக்கு அனுமதி இல்லை.

ரத்தம் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும், பார்த்து எழுது. தொடையிலிருந்தா, நெஞ்சிலிருந்தா? ரத்தம் தவிர வேறு என்னென்ன எடுத்து வைத்தார்கள்? பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஈ, புழு இருந்ததா? அவர் மேலிருந்த உலோகப் பொருள் எதுவும் உன்னிடம் வந்ததா? கேட்க மனசில்லாமல்தான் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி சம்பவத்தை நீ எழுதுவாய் என்று தெரியும். எழுதாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அதற்குப் பிறகு நடந்ததையும் கேட்டுக்கொள். அம்மா போன பிறகும் ஒரு வருஷம் குடித்தார். ஒருநாள் மகள் பல் விழுந்ததைக் காட்ட வாயைத் திறந்துகொண்டு ஓடினாள். அவர் வாயைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, யாரும் சத்தியம் கேட்கவில்லை. அன்றைக்கு நிறுத்தினார். கை நடுங்கி, ராத்திரி பகல் தெரியாமல் வியர்த்து, நான் போர்வையை மாற்றி மாற்றிப் போட்டது எல்லாம் உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. அவர்தான் வேண்டாம் என்றார். "உங்கக்கா சொன்னதுல என்ன தப்பு? கொஞ்ச வருஷம் போகட்டும், நானே போய் நிக்கிறேன்" என்றார். போய் நிற்க ஆள் இல்லை இப்போது.

இனி நீ கேட்டவை. ரத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்ததாக இருக்கிறது. ஒரு கண்ணிலிருந்து திரவம், சிறுநீர், கல்லீரல் துண்டு, தலைமுடி இவையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். முகம் அடையாளம் தெரியாததால் முடியை எடுத்தார்களாம். எனக்கு அடையாளம் காட்ட முடி தேவைப்படவில்லை. சட்டையின் மூன்றாவது பொத்தான் நான் நீல நூலில் தைத்தது. வெள்ளை நூல் அன்றைக்கு வீட்டில் இல்லை.

ஈ இல்லை, புழு இல்லை. திறந்தவர்களே அதைச் சொல்லி வியந்தார்களாம். நாற்றத்தில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், கண் எரிந்து பக்கத்தில் போக முடியவில்லை, ஆனால் ஈ இல்லை.

அவர் விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கன்னங்கரேல் என்று இருந்தது. கம்பெனி ஆபீசர் அதைக் காட்டி, கள்ளச்சாராயம் குடித்தால் இப்படித்தான் வெள்ளி கறுக்கும் என்று என்னிடமே சொன்னார். உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகள் அதைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இன்னொன்று. போலீஸ் எடுத்த போட்டோவில் பெட்டியின் உள்சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு தகட்டிலும் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு. தடவிப் பார்த்துச் சரி என்று முடித்த தகட்டில் அவர் போடுகிற கோடு அது. எல்லாம் ஒரே உயரத்தில், நேராக இருந்தன. தூங்கப் போனவர் கோடு போடுவாரா? இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். பழைய கோடாக இருக்கும் என்றார்.

உன் தங்கை


ஜூன் 27

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பல் விழுந்த இடத்தைத் தாண்டிப் படிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மோதிரத்தில் சாராயம் ஒன்றும் இல்லை. உடம்பு அழுகும்போது கந்தகம் கலந்த ஒரு வாயு வரும், அழுகிய முட்டையின் நாற்றம் அதுதான். திறந்த இடமென்றால் காற்றில் கலந்து போய்விடும். மூடிய பெட்டியில் போக வழியில்லாமல் தேங்கி நிற்கும், வெள்ளியைப் பிடித்துக் கறுப்பாக்கும். கண் எரிந்தது அதனோடு சேர்ந்த அமோனியாவால். அந்த ஆபீசர் மறுபடி சொன்னால் இதைச் சொல். மகளிடம், பல்பொடி வேண்டாம், மோதிரம் தேய்ந்துவிடும் என்று சொல். அலுமினியத் தாள் போட்ட வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து அதில் போட்டால் கறுப்பு தானாகப் போகும்.

ஈ வராததற்கும் காரணம் அதுதான், நுழைய இடம் இல்லை. வெளியில் கிடக்கும் உடம்பு என்றால் புழுவின் வயதை வைத்து எப்போது இறந்தார் என்று கணக்கிடுவோம். இங்கே அந்தக் கடிகாரம் கிடையாது. வெப்பம் மட்டும்தான்.

முக்கியமான விஷயம்: நெஞ்சுக்குள் தேங்கிய ரத்தத்தை மட்டும் பார்த்து, இந்த நிலையில் இருந்த உடம்புக்கு மது இருந்தது என்று எழுதியது போதாது. குடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதலில் கெடுகிற இடம் அது. கண்ணுக்குள் இருக்கும் திரவம் தனியாக மூடி இருப்பது. நுண்ணுயிர் அங்கே கடைசியில்தான் போகும். குடித்திருந்தால் அதிலும் சிறுநீரிலும் மது இருக்க வேண்டும். அழுகலில் பிறந்த மது தனியாகவும் வராது, புரோப்பனால் போன்ற உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும். அதைத் தேடினார்களா என்று கேட்க வேண்டும். அப்புறம் முடி. ஒருவர் மது குடித்தால், உயிருள்ள கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றும். அதில் ஒரு துளி முடிக்குள் போய்த் தங்கிவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உடம்பு அழுகினாலும் முடி அழுகாது.

நான் இதைத் தொடக் கூடாது. நான் உன் அக்கா என்பது தெரிந்தால் போதும், மொத்தமும் குப்பைக்குப் போகும். விசாரணை நீதிபதியிடம் நீயே மனுக் கொடு. மீதி மாதிரிகளை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பிக் கண் திரவம், சிறுநீர், முடி மூன்றையும் பார்க்கச் சொல். சாக்பீஸ் கோட்டையும் எழுது. எந்த வார்த்தையில் கேட்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முடி பொய் சொல்லாது. தம்பி இடையில் எப்போதாவது குடித்திருந்தால் அதையும் சொல்லிவிடும். யோசித்துக் கொடு.

அக்கா


ஜூலை 4

அக்கா,

யோசிக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

நீ அவரைத் தம்பி என்று எழுதியிருக்கிறாய். தெரிந்து எழுதினாயா, தெரியாமல் வந்துவிட்டதா?

உன் தங்கை


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

அறிக்கை வந்துவிட்டது. அதன் நகலையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் இதனோடு வைத்திருக்கிறேன், உனக்குத்தான் முழுசும் புரியும். நீதிபதி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண் திரவத்தில் மது இல்லை. சிறுநீரில் இல்லை. ரத்தத்தில் நீ சொன்ன அந்த உறவுக்காரர் இருக்கிறார். முடி எவ்வளவு நீளம் இருந்ததோ அவ்வளவு மாதமும் சுத்தம், அவர் ஒரு சொட்டுக் குடித்ததற்கு அடையாளமே இல்லை. முதல் அறிக்கையை நம்ப முடியாது என்று எழுதிவிட்டார். கம்பெனி மேல் விசாரணை உண்டு.

மகளை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். புரோப்பனால் என்கிற வார்த்தையை எழுதிக் காட்டச் சொன்னாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணிடம் போய் ஒப்பித்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லையாம், ஆனால் மன்னிப்புக் கேட்டாளாம்.

தெருவில் எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். உன்னிடம் நன்றி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீயே எடுத்துக்கொள்.

உன் தங்கை


செப்டம்பர் 5

தங்கைக்கு,

நகலைப் படித்தேன். நல்ல வேலை. யார் செய்தது என்று தெரியும், நிதானமான மனிதர்.

தம்பி என்று தெரிந்துதான் எழுதினேன்.

சந்தோஷமாக எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். உன் கடிதத்தில் என்னவோ இடிக்கிறது. சின்ன வயதில் ஜுரம் வந்தால் நீ ரொம்ப ஒழுங்காகப் பேசுவாய், அதுபோல இருக்கிறது. என்ன?

அக்கா


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன்.

அவர் குடித்துவிட்டுத் தூங்கினார் என்று கம்பெனி சொன்னபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அக்கா, அந்தப் பொய்க்குள்ளே ஒரு தூக்கம் இருந்தது. ராத்திரியில் நினைத்துக்கொள்வேன், ஒருவேளை அது நிஜமாக இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, தூக்கத்திலேயே போயிருப்பார் என்று. அதை நானே மனுப் போட்டு, முத்திரை குத்தி, இல்லை என்று ஆக்கிவிட்டேன். குடிக்கவில்லை என்றால் விழித்திருந்தார். விழித்திருந்தார் என்றால் அவருக்கு எல்லாம் தெரியும்.

அறிக்கை வந்த மறுவாரம் கொக்கு வந்தார். அவருடைய கூட்டாளி, நெட்டையாக, ஒல்லியாக இருப்பதால் அந்தப் பேர். வெளியிலிருந்து கதவைச் சாத்துகிறவர் அவர்தான். ஏப்ரலில் போலீசிடம், "அவர் முன்னாடியே கிளம்பிட்டாருன்னு நினைச்சேன்" என்று சொல்லியிருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

"உள்ளேயிருந்து 'இருட்டு'ன்னு குரல் கொடுத்தாரும்மா. எனக்குக் கேட்டுச்சு. கைப்பிடில கையை வச்சிட்டேன். அப்ப சூப்பர்வைசர் கூப்பிட்டாரு, லீவுக்கு முன்னாடி கடைசி வரிசையை அடுக்கணும், நீ அங்க போ, இதை நான் திறந்துக்கிறேன்னு. போயிட்டேன். அவருக்கு ஏதோ போன் வந்திருக்கு, மறந்துட்டாரு. கிரேன் வந்து தூக்கிடுச்சு."

கை வைத்தவர் இழுத்திருந்தால் என்ன என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவரே அதைத் தினமும் கேட்டுக்கொள்கிறார் என்பது பார்த்தாலே தெரிகிறது. எல்லாம் தெரிந்த பிறகு, வாயைத் திறந்தால் வேலை போகும், ஜெயிலுக்கும் நீதான் போவாய் என்று சூப்பர்வைசர் மிரட்டியிருக்கிறார். இப்போது நீதிபதியிடம் போய் அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதுவரைக்கும் சொன்னதை உனக்கு அப்போதே எழுதியிருப்பேன். எழுத முடியாதது இனிமேல்தான்.

ஏப்ரலில் அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வராதபோது நான் சும்மா இருக்கவில்லை, தேடினேன். அவர் போனில் மணியே போகவில்லை. கொக்குவுக்குப் போன் செய்து வரச்சொல்லி, அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு தேடினேன். எங்கே தேடினேன் தெரியுமா? ஒயின் ஷாப்களில். ஒன்று விடாமல். ஆறு வருஷம் மூச்சில் வாசனை இல்லாமல் இருந்த மனிதரை, ஒரு சாயங்காலம் வரத் தாமதமானதும் நான் தேடப் போன இடம் அது. ஒரு கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரைத் தோளைத் தொட்டுத் திருப்பியே பார்த்தேன். மறுநாள் சித்திதான், யார்டில் கேட்டாயா என்றாள். போனேன். வாட்ச்மேன் கேட் பக்கத்தில் நின்றே, எல்லாரும் போயாச்சு என்று அனுப்பிவிட்டார். நானும் திரும்பி வந்துவிட்டேன். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். எவ்வளவு நேரம் இருந்தார்? நான் கடை கடையாக ஏறி இறங்கியபோது அவர் உயிரோடு இருந்தாரா? மகளும் கேட்கிறாள், அவள் வேறு மாதிரி கேட்கிறாள்: அப்பா எவ்வளவு நேரம் தனியா இருந்தாங்க என்று. நீதிபதியிடம் கேட்க முடியாது. கொக்குவிடம் கேட்க முடியாது. உன்னிடம்தான் கேட்க முடியும்.

உன் தங்கை


செப்டம்பர் 22

தங்கைக்கு,

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீ வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தம்பி போய்விட்டார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை மறுபடி முழுவதும் படித்தேன். நீ மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு வயிற்றில் ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கிறது. சாப்பாடு இரைப்பையைத் தாண்டிப் போகச் சில மணி நேரம் ஆகும். தாண்டவில்லை என்றால், சாப்பிட்ட பிறகு வெகு நேரம் அவர் உயிரோடு இல்லை என்று பொருள். ஏப்ரல் வெயிலில் மூடிய இரும்புப் பெட்டி அடுப்பு மாதிரி. அந்தச் சூட்டில் முதலில் தலை சுற்றும், அப்புறம் நினைவு போகும். அதற்குப் பிறகு வலி கிடையாது. மத்தியானத்துக்குள்ளேயே முடிந்திருக்கும்.

நீ எங்கே தேடியிருந்தாலும் ஒன்றுதான். யார்டுக்கே ஓடியிருந்தாலும் ஒன்றுதான். மகளிடமும் இதைச் சொல்: அப்பா கொஞ்ச நேரம்தான் தனியாக இருந்தார், மயக்கம் வந்து தூங்கிவிட்டார். இதைச் சொல்வது நான். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறவள்.

தூங்கு.

அக்கா


செப்டம்பர் 24

தங்கைக்கு,

முந்தாநாள் எழுதியது உன் கைக்கு வருவதற்குள் இது வந்துவிட்டால் நல்லது. தபால் ஆபீசுக்குப் போய் அந்தக் கவரைத் திருப்பித் தரச் சொல்லிக்கூடக் கேட்டேன். பை போய்விட்டது என்றார்கள்.

அதில் எழுதிய ஆதாரம் எதுவும் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது இருக்கிறது. சாப்பாடு வயிற்றில் அப்படியே இருந்தது உண்மை. ஆனால் பயந்தவனுக்குச் செரிக்காது. பயத்திலும் சூட்டிலும் வயிறு வேலையை நிறுத்திவிடும். சாப்பாடு மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். அதனால் அந்தக் கடிகாரமும் நம்ப முடியாத கடிகாரம். ஆய்வகத்தில் யாராவது அதை மட்டும் வைத்து நேரம் எழுதிக் கொண்டுவந்தால் நான் தாளைத் திருப்பி எறிவேன். எறிந்திருக்கிறேன். உனக்கு மட்டும் அதை வைத்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நிஜம் இதுதான்: எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அன்று மத்தியானமே போயிருக்கலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அன்றைய வெயிலைத் தாண்டியிருந்தால், ராத்திரி இரும்பு குளிர்ந்திருக்கும், ராத்திரியும் இருந்திருக்கலாம். மறுநாள் வெயிலை யாராலும் தாண்ட முடியாது. நீ தேடிய நேரம் இதற்கு நடுவில் வருகிறது. அதை அழிக்க என்னிடம் எதுவும் இல்லை. பூச்சி இல்லாத, காற்றுப் போகாத பெட்டி அது. இறந்த பிறகு நடந்ததையெல்லாம் அந்தப் பெட்டி வைத்திருந்தது. இறப்பதற்கு முன் நடந்ததை வைத்திருக்கவில்லை.

முந்தாநாள் உனக்கு எழுதும்போது உன்னைத் தூங்க வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தபாலில் போட்டுவிட்டு வந்து படுத்தால் எனக்குத் தூக்கம் இல்லை. நான் உனக்கு ஒரு முதல் அறிக்கை கொடுத்திருக்கிறேன் என்று தோன்றிவிட்டது. ஒன்றைப் பார்த்து, மற்றதைப் பார்க்காமல், கீழே கையெழுத்துப் போட்ட அறிக்கை.

கோபித்துக்கொள். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

இரண்டும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கொடுத்தார்.

மேலே இருந்ததை முதலில் பிரித்தேன், அது 22ஆம் தேதி எழுதியது. படித்துவிட்டுத் தரையிலேயே படுத்தேன். ஏப்ரலுக்குப் பிறகு பகலில் நான் தூங்கியது அன்றைக்குத்தான். எழுந்து, முகம் கழுவி, சமையலுக்கு உட்காரும்போதுதான் இரண்டாவது கவர் ஞாபகம் வந்தது.

கோபம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டாவதை எழுதாமலே இருந்திருக்கலாமே என்று உன்னைத் திட்டினேன். அப்புறம் முதலாவதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நீ எதையும் இவ்வளவு உறுதியாகச் சொன்னதே இல்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால்கூட, வரலாம் என்றுதான் சொல்வாய். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். அப்போது உன்னையும் சேர்த்து இழந்திருப்பேன். நீ முந்திக்கொண்டாய்.

தெரியாது என்பதோடு இருந்து பார்க்கிறேன். அது எளிதாக இல்லை. சில நாள் அவர் மத்தியானமே போய்விட்டார். சில நாள் ராத்திரி முழுக்க இருக்கிறார், நான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே இருக்கிறேன். எது வரும் என்று காலையில் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு நாளிலும் அவர் குடிக்கவில்லை. அது மாறுவதில்லை.

மகளுக்கு முதல் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். இது தப்பா சரியா என்று நீ எழுத வேண்டாம். அவள் வளர்ந்து ஒருநாள், சாப்பாடு செரிக்காததை வைத்து எப்படிச் சொல்ல முடியும் என்று அவளாகவே கேட்பாள். புரோப்பனாலைப் படித்தவள் கேட்காமல் இருக்க மாட்டாள். அப்போது இரண்டாவதைக் கொடுத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

சூப்பர்வைசர் மேல் வழக்கு எழுதிவிட்டார்கள். கொக்குவையும் சேர்க்கப் போகிறார்களாம். நான் நீதிபதியிடம் போய், அவர் வந்து சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன செய்வார்களோ தெரியாது. கொக்கு இப்போது யார்டுக்குப் போவதில்லை. எந்தக் கதவையும் பிடித்து நிற்க முடியவில்லையாம்.

நீ எப்போது வருகிறாய்? லீவு கிடைக்குமா, ரயிலில் இடம் கிடைக்குமா என்றெல்லாம் எழுதாதே. பெரியம்மா வருவாங்களா என்று மகள் கேட்கிறாள். உன் முகம் அவளுக்கு ஞாபகமில்லை, ஆனால் மோதிரம் வெளுத்ததிலிருந்து உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாள்.

வந்தால் தட்டிக்கொண்டு நிற்காதே. அவள் பகலில் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை, நானும் விட்டுவிட்டேன். நேரே உள்ளே வா.

உன் தங்கை